கசிவை அடைத்த பிறகு படம் சொல்ல வேண்டியவை

எழுந்து நின்றால் தலை வலிக்கிறது, படுத்தால் தணிகிறது. முதுகெலும்புக்குள் தண்டுவடத்தைச் சூழ்ந்த உறை கசிந்து, மூளைத் தண்டுவடத் திரவம் குறைவதால் வரும் நோய் இது. ஆண்டுக்கு லட்சத்தில் ஏறத்தாழ 5 பேருக்கு வருகிறது. ஓய்வும், உறைக்கு வெளியே நோயாளியின் சொந்த ரத்தத்தையே செலுத்தும் சிகிச்சையும் பலிக்காவிட்டால், அறுவை சிகிச்சையால் கசிவை அடைக்கிறார்கள். அதன் பிறகான கவனிப்பில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம்.

மண்டை ஓடு விரியாது, சுருங்காது. உள்ளே திரவம் குறைந்தால் சிரைகள் புடைத்து அந்த இடத்தை நிரப்புகின்றன; மூளை கீழே இறங்குகிறது; அதன் உறை தடித்துத் தெரிகிறது. கசிவு அடைபட்டதும் இவை மீள்கின்றன. ஆனால், எல்லாம் ஒரே வேகத்தில் மீள்வதில்லை. சிரைகளின் புடைப்பு பெரும்பாலும் சீக்கிரம் வடிந்துவிடும். உறைக்கடியில் தேங்கிய நீரோ ரத்தமோ கரைவதற்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும்.

ஆகவே, ‘முன்பைவிடப் பரவாயில்லை’ என்று ஒரே வரியில் முடியும் எம்ஆர்ஐ அறிக்கை உதவாது. 2019இல் வெளியான பெர்ன் மதிப்பெண் முறை, உறைத் தடிப்பு, சிரைப் புடைப்பு, பிட்யூட்டரிக்கு மேலுள்ள இடைவெளி உள்ளிட்ட 6 அடையாளங்களுக்கு மொத்தம் 9 மதிப்பெண் தருகிறது. 5 அல்லது அதற்கு மேல் என்றால் கசிவு கண்டறியப்படும் வாய்ப்பு அதிகம். 2 அல்லது குறைவு என்றால் வாய்ப்பும் குறைவு. அறுவைக்கு முன்னும் பின்னும் இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும்.

எண் மட்டும் போதாது. இந்நோய் உள்ளவர்களிலேயே ஏறத்தாழ 5இல் ஒருவருக்கு மூளைப் படம் இயல்பாக இருக்கும். அறுவைக்குப் பின் சிலருக்கு அழுத்தம் எதிர்த்திசையில் ஏறும்: இப்போது படுத்தால் வலி, குமட்டல், பார்வை மங்கல். இதை மீண்டும் கசிவு என்று எண்ணி இன்னொரு முறை ரத்தம் செலுத்தினால் நிலைமை மோசமாகும். ‘நின்றால் வலியா, படுத்தால் வலியா?’ என்று கேட்டு, கண் விழித்திரையையும் பார்த்த பிறகே படத்தைப் படிக்க வேண்டும். வலியின் தன்மை திடீரென மாறினால் மூளைச் சிரைகளில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அறுவை முடிந்து ஊர் திரும்பும், கள்ளக்குறிச்சி மாவட்டம் களமருதூரில் வயல் வேலை செய்பவருக்கு, எப்போது குனிந்து நடவு நடலாம், எப்போது கரும்புக்கட்டு தூக்கலாம் என்பதே கேள்வி. அதற்காக ஒவ்வொரு முறையும் பெருநகரத்துக்கு அலையக் கூடாது. கசிவைக் கண்டுபிடித்து அடைப்பதற்குத்தான் சிறப்பு மையம் வேண்டும். மூளை எம்ஆர்ஐக்கு வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது. பின்தொடர் கவனிப்பு அங்கேயே முடிய வேண்டும். அதற்கு, அறுவை செய்த மருத்துவமனை வீட்டுக்கு அனுப்பும்போதே பழைய படங்களின் குறுந்தகட்டையும், அளவுகளையும், அடுத்த படம் எப்போது, என்ன முறையில் எடுக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

- கட்டுரையாளர், நரம்பியல் மருத்துவர்.