ஒரே வால்யூம் போதுமா?

"டிஸ்க்குகள்தான் இவ்வளவு பெரிதாகிவிட்டனவே, அவற்றைச் சேர்த்த ரெய்டு அடுக்கு முழுவதையும் ஒரே வால்யூமாக வைத்தால் என்ன?" சர்வர் அமைப்பவர்களிடையே பரவலாகக் கேட்கும் வாதம் இது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் படத்தொகுப்பைப் போன்ற ஒன்றை அதில் வைப்பதாக நினைத்துப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது.

1899இல் நிறுவப்பட்ட அந்த ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வந்திருக்கிறார்கள். வெள்ளொளி, கால்சியம்-கே, பின்னர் ஹைட்ரஜன்-ஆல்பா என்று வகைகள் பல. கண்ணாடித் தகட்டிலும் ஃபிலிமிலும் இருந்தவை 4096க்கு 4096 பிக்சல், 16 பிட் அளவில் டிஜிட்டலாக்கப்பட்டன. கணக்குப் போட்டால் படம் ஒன்றுக்கு ஏறத்தாழ 33 மெகாபைட். லட்சம் படங்களுக்கு 3.3 டெராபைட். ஒளிச்சீர் செய்த பிரதி, வடக்கு மேலே வரத் திருப்பிய பிரதி, விளிம்பு மங்கலை நீக்கிய பிரதி என்று ஒவ்வொரு படமும் மேலும் பெருகும்.

ரெய்டு இருக்கிறதே, பயமென்ன என்கிறார்கள். டிஸ்க் பழுதானால் ரெய்டு காப்பாற்றும். தவறான கோப்புறையில் எழுதிவிட்ட நிரலிடமிருந்து காப்பாற்றாது. அழித்ததையும் அது விசுவாசமாக எல்லா டிஸ்க்கிலும் அழித்துவிடும். பிரதிகளைக் கணித்து மீண்டும் உண்டாக்கலாம். ஆனால் 1909இல், வானியலாளர் ஜான் எவர்ஷெட் அங்கே சூரியப் புள்ளிகளில் வாயு ஓட்டத்தைக் கண்டறிந்த அந்த ஆண்டின் சூரியனை இனி யாரும் படமெடுக்க முடியாது. மூலப் படங்களைத் தனி வால்யூமில் போட்டு, படிக்க மட்டும் அனுமதித்து மவுன்ட் செய்வதற்கு இந்த ஒரு காரணமே எனக்குப் போதும். செயலாக்கத்தின் தற்காலிகக் கோப்புகள் இடத்தை நிரப்பித் திணறினாலும் மூலத்துக்கு ஒன்றும் ஆகாது.

இன்றைய ஃபைல் சிஸ்டம் எவ்வளவு பெரிய வால்யூமையும் தாங்கும் என்பது அடுத்த வாதம். உண்மைதான், பழைய பார்ட்டிஷன் அட்டவணையின் 2 டெராபைட் வரம்பைத் தாண்டி நெடுநாளாகிறது. ஆனால் தாங்குவது வேறு, பழுதுபார்ப்பது வேறு. திடீரென மின்சாரம் போய் ஃபைல் சிஸ்டத்தின் அட்டவணை சிதைந்தால், சரிபார்ப்பு முடியும்வரை அந்த வால்யூம் முழுவதும் முடங்கும். பிரித்து வைத்திருந்தால் கால்சியம் படங்களைச் சோதிக்கும் நேரத்தில் வெள்ளொளிப் படங்களில் வேலை நடக்கும். பேக்கப்பிலிருந்து மீட்பதும் ஒரு பகுதியோடு முடியும்.

பிரித்தால் இடம் வீணாகும் என்பதில் பாதி நியாயம் இருக்கிறது. முதல் நாளே முழு இடத்தையும் பங்கிட்டுவிட்டால் ஒன்று நிரம்பி வழியும்போது இன்னொன்று காலியாகக் கிடக்கும். லினக்ஸின் வால்யூம் மேலாளரான எல்விஎம்மில் அப்படிச் செய்யத் தேவையில்லை: இன்றைக்கு வேண்டிய அளவு கொடுத்து, மீதியை ஒதுக்காமல் வைத்து, தேவைப்பட்ட வால்யூமைப் பிறகு நீட்டலாம். எக்ஸ்எஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டங்களை நீட்டுவது எளிது, சுருக்குவது அப்படியல்ல. ஆகவே தொடக்கத்தில் சிறிதாகக் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

பிரிவினை எல்லாவற்றையும் தீர்க்கும் என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஒரே டிஸ்க் குழுவிலிருந்து வெட்டியெடுத்த வால்யூம்கள் அந்தக் குழு விழுந்தால் சேர்ந்தே விழும். 16 டெராபைட் டிஸ்க் ஒன்றை நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் திரும்ப நிரப்பவே 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை எல்லா வால்யூம்களுக்கும் ஆபத்து ஒன்றுதான். அதனால் மூலப் படங்களைத் தனி டிஸ்க் குழுவிலேயே வைத்து, அந்த வால்யூமின் முழு நகல் ஒன்றை மலைக்குக் கீழே வேறு ஊரில் வைக்க வேண்டும்.