சந்தா கட்டலாம், சாவியைக் கொடுக்கலாமா?

2022 ஜனவரி 4. பழைய பிளாக்பெர்ரி கைபேசிகளுக்கான சேவைகளை அந்நிறுவனம் முற்றாக நிறுத்திக்கொண்ட நாள். அதன் பிறகு அந்தக் கைபேசிகளில் மின்னஞ்சலும் இணையமும் மட்டுமன்றி, சாதாரண அழைப்புகளும் குறுஞ்செய்திகளும் அவசர உதவி எண்ணும்கூட ஒழுங்காக இயங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று நிறுவனமே அறிவித்திருந்தது. கருவிகளில் எந்தப் பழுதும் இல்லை. எங்கோ இருந்த சேவையகங்கள் அணைக்கப்பட்டன. காசு கொடுத்து வாங்கிய கைபேசி பொம்மையாகிப் போனது.

திறன்பேசித் தயாரிப்பாளர்கள் தங்களுக்கே உரிய மின்னஞ்சல், தரவுச் சேவைகளைக் கட்டணத்துக்கு வழங்கும் பழைய முறைக்குத் திரும்ப வேண்டும் என்கிற யோசனை அவ்வப்போது எழுகிறது. அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ‘இலவச’ மின்னஞ்சலுக்கு விளம்பரம்தான் விலை என்பது இன்று பலரும் அறிந்தது. 2004இல் ஜிமெயில் ஒரு ஜிபி இடத்துடன் அறிமுகமானபோது, போட்டி நிறுவனங்கள் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது சில எம்பி மட்டுமே. அந்தத் தாராளத்துக்கு ஈடாக, கடிதங்களின் உள்ளடக்கத்தைக் கணினி அலசி, அதற்கேற்ற விளம்பரங்களைக் காட்டியது. விளம்பரத்துக்காக இப்படி அலசுவதை நிறுத்தப்போவதாக கூகுள் அறிவித்தது 2017இல்தான். சந்தா செலுத்துபவருக்கு நிறுவனம் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. இலவசமாகப் பெறுபவருக்கு அந்தப் பிடிமானம் கிடையாது.

ஆனால், இந்த யோசனையில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று, சேவைக்குப் பணம் வாங்குவது. மற்றொன்று, அந்தச் சேவையைக் கைபேசி நிறுவனத்தின் வேலிக்குள் அடைப்பது. முதலாவது வரவேற்கத்தக்கது, இரண்டாவது ஆபத்தானது. பிளாக்பெர்ரியின் வரலாறு இரண்டுக்கும் சாட்சி.

பிளாக்பெர்ரி விற்றது என்ன?

அப்போது ரிசர்ச் இன் மோஷன் என்ற பெயரில் இயங்கிய அந்தக் கனடா நிறுவனம், கைபேசியோடு ஒரு குழாயையும் சேர்த்து விற்றது. வாடிக்கையாளரின் அஞ்சல்பெட்டிக்கு வரும் கடிதங்களை நிறுவனத்தின் சேவையகங்கள் எடுத்து, சுருக்கி, கைபேசிக்கு உடனுக்குடன் தள்ளிவிடும். அதற்கென்று தனி மாதக் கட்டணம். தொலைத்தொடர்பு நிறுவனம் அதை வசூலித்து, பிளாக்பெர்ரியின் பங்கை அனுப்பிவைக்கும். 2012இல் முடிந்த நிதியாண்டில் நிறுவனத்தின் மொத்த வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்தச் சேவைக் கட்டணத்திலிருந்தே வந்தது. ஒருமுறை விற்ற கைபேசி மாதாமாதம் வருமானம் தரும் ஏற்பாடு அது. இன்றைய தயாரிப்பாளர்கள் அதை ஏக்கத்துடன் திரும்பிப் பார்ப்பதில் வியப்பில்லை.

அந்தக் கட்டணத்துக்கு அன்று பொருளும் இருந்தது. இணைப்பு மெதுவானது, தரவு விலையுயர்ந்தது என்றிருந்த 2ஜி காலத்தில், கடிதத்தைச் சுருக்கி அனுப்புவது உண்மையான சேவை. வேகமான இணைப்பு பரவியதும், குறிப்பாக இந்தியாவில் 2016 செப்டம்பரில் ஜியோ நுழைந்து தரவு விலை சரிந்ததும், அந்தத் தேவை மறைந்தது. அதற்கு முன்பே, 2013இல் தனது புதிய இயங்குதளத்தை வெளியிட்டபோது, பிளாக்பெர்ரியே அந்தக் குழாயைக் கைவிட்டு மற்றவர்களைப் போலப் பொது முறைக்கு மாறிவிட்டது.

ஒரே வாசல்

வேலிக்கு ஒரே வாசல்தான் இருக்கும். 2011 அக்டோபர் 10 அன்று அந்த வாசல் அடைபட்டது. இங்கிலாந்தின் ஸ்லவ் நகரில் இருந்த தரவு மையத்தில் ஒரு முக்கிய இணைப்புக் கருவி செயலிழந்தது. மாற்று ஏற்பாடும் கைகொடுக்கவில்லை. ஐரோப்பா, மத்தியக் கிழக்கு, ஆப்பிரிக்கா, இந்தியா என்று தொடங்கிய முடக்கம் அமெரிக்கக் கண்டத்துக்கும் பரவியது. சேவை முழுமையாகச் சீராகக் கிட்டத்தட்ட நான்கு நாட்கள் பிடித்தன. பொது முறையில் இயங்கும் மின்னஞ்சலில் ஒரு நிறுவனத்தின் சேவையகம் விழுந்தால் அந்த நிறுவனத்தின் அஞ்சல் மட்டும் நிற்கும். இங்கோ, யாருடைய அஞ்சல்பெட்டியாக இருந்தாலும் கைபேசிக்கு வரும் வழியே அடைபட்டுப்போனது.

வாசல் ஒன்றாக இருந்தால் அரசுகளுக்கும் வசதி. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிந்தைய சூழலில், பிளாக்பெர்ரி தகவல்களைக் கண்காணிக்க வழி செய்யாவிட்டால் சேவை தடைசெய்யப்படும் என்று இந்திய அரசு 2010 ஆகஸ்ட் 31ஐக் கெடுவாக வைத்தது. பெருநிறுவனங்களின் அஞ்சலுக்கான சாவி அந்தந்த நிறுவனத்திடமே இருக்கிறது, எங்களிடம் இல்லை என்று பிளாக்பெர்ரி வாதிட்டது. அது உண்மைதான். ஆனால், சாதாரணச் சந்தாதாரரின் நிலை வேறு. கெடு நீட்டிக்கப்பட்டது, பேச்சுவார்த்தைகள் தொடர்ந்தன, இறுதியில் மும்பையில் ஒரு சேவையகம் நிறுவப்பட்டது. கனடாவின் கதை இதைவிடக் கசப்பானது. பாதுகாப்பானது என்று பெயர்பெற்ற பிளாக்பெர்ரி மெசஞ்சரின் சாதாரணப் பயனர்களுடைய செய்திகளுக்கெல்லாம் பொதுவான ஒரே சாவி இருந்தது. அந்தச் சாவியைக் கொண்டு, 2010 முதல் 2012 வரையிலான ஒரு குற்ற விசாரணையில் அந்நாட்டுக் காவல்துறை சுமார் பத்து லட்சம் செய்திகளைப் படித்தது. இது 2016இல் நீதிமன்ற ஆவணங்கள் வழியாகவே வெளியே தெரிந்தது. குற்றவாளிகளைப் பிடிப்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. மாதக் கட்டணம் செலுத்தியவர்கள் வாங்கியதாக நினைத்த அந்தரங்கம் அவர்களுக்கு விற்கப்படவே இல்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

இப்போதும் இதே வாசலைத்தான் தட்டுகிறார்கள். ஐகிளவுடில் சேமிக்கும் தரவுகளில் பெரும்பாலானவற்றை ஆப்பிளேகூடத் திறக்க முடியாதபடி பூட்டும் கூடுதல் பாதுகாப்பு வசதியை, அரசின் நெருக்குதலால் 2025 பிப்ரவரியில் பிரிட்டனில் ஆப்பிள் விலக்கிக்கொண்டது. அந்த வசதி கிடைக்கும் நாடுகளிலும் மின்னஞ்சல் அதற்குள் அடங்காது. காரணம் எளிது: உலகின் எந்த அஞ்சல் சேவையுடனும் கடிதப் போக்குவரத்து நடத்த வேண்டுமானால், அவர்களும் புரிந்துகொள்ளும் பொது முறையில் அனுப்பியாக வேண்டும். முழுமையாகப் பூட்டிய அஞ்சல் என்பது, அதே பூட்டை வைத்திருப்பவர்களுக்குள் மட்டுமே சாத்தியம். ‘எங்கள் கைபேசியில் மட்டும் கிடைக்கும் பாதுகாப்பான மின்னஞ்சல்’ என்று யாராவது விளம்பரம் செய்தால், கடிதம் வேலிக்கு வெளியே போகும்போது என்ன ஆகும் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

பணம் கொடுத்தும் விளம்பரம் போகவில்லை

கட்டணச் சேவை ஏற்கெனவே வேறு உருவில் திரும்பிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2024 நிதியாண்டில் ஆப்பிளின் சேவைப் பிரிவு வருவாய் சுமார் 9,600 கோடி டாலர். இதில் சந்தாக்களும் அடங்கும். ஆனால், தனது உலாவியில் கூகுள் தேடலையே இயல்பாக வைத்திருப்பதற்காக 2022இல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளிவந்தது. கைபேசிக்கும் சேமிப்பிடத்துக்கும் காசு கொடுத்தவரின் தேடல், விளம்பரச் சந்தைக்கும் போகிறது. பணம் வாங்கினால் விளம்பரப் பக்கம் போகமாட்டார்கள் என்பது நம்பிக்கை மட்டுமே. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் அது உரிமை.

மேலும், கைபேசி செய்பவர்களுக்கு அஞ்சல் சேவை துணைத் தொழில். ஸ்ரீபெரும்புதூரில் ஆலை நடத்திய நோக்கியாவின் ஓவி மெயில், 2010இல் செய்த ஒப்பந்தத்தின்படி யாஹூவின் கைக்குப் போனது. சாம்சங் தனது மேகச் சேமிப்பில் இருந்த படங்களை 2021இல் மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவுக்கு மாற்றிக்கொள்ளும்படி வாடிக்கையாளர்களிடம் சொன்னது. ஆண்டுக்கு 99 டாலர் வாங்கிய ஆப்பிளின் மொபைல்மீ நான்கே ஆண்டுகளில் மூடப்பட்டது. கைபேசியின் ஆயுள் மூன்று, நான்கு ஆண்டுகள். மின்னஞ்சல் முகவரியின் ஆயுள் அப்படியல்ல. வங்கி, வருமான வரி, பிள்ளைகளின் பள்ளி என்று எல்லாம் அதில் கோக்கப்பட்டிருக்கிறது.

முகவரி யாருடையது?

2011 ஜனவரி முதல் இந்தியா முழுவதும், நிறுவனத்தை மாற்றினாலும் கைபேசி எண்ணை வைத்துக்கொள்ள முடிகிறது. மின்னஞ்சலுக்கு அப்படி ஒரு உரிமை இல்லை. ஆனால், நுட்பம் இருக்கிறது: சொந்த இணையப் பெயரில் முகவரி வைத்துக்கொண்டால், பின்னால் இருக்கும் நிறுவனத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் அஞ்சல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் தளத்துக்கு மாறியதாக 2025இல் செய்திகள் வந்தபோது, அவர்களின் அரசு முகவரிகள் மாறவில்லை. தனக்குக் கிடைத்த இந்த வசதியைக் குடிமகனுக்கும் உறுதிசெய்ய அரசு ஏன் முன்வரக் கூடாது?

கைபேசி நிறுவனங்கள் விற்க வேண்டிய சேவையும் இதுதான். சொந்தப் பெயரில் முகவரி, எந்தக் கைபேசியிலும் திறக்கும் பொது முறை, விளம்பரத்துக்குப் பயன்படுத்தமாட்டோம் என்ற எழுத்துபூர்வ உறுதி, விலகும்போது எல்லாக் கடிதங்களையும் எடுத்துச்செல்லும் வழி. இவற்றுக்கு மாதக் கட்டணம் கேட்டால் தயங்காமல் கொடுக்கலாம். ஆப்பிளின் ஐகிளவுட் பிளஸ் சந்தாவில் சொந்தப் பெயரில் முகவரி வைத்துக்கொள்ளும் வசதி 2021 முதல் இருக்கிறது. ஆகவே, வணிகரீதியாக இயலாத ஒன்றை யாரும் கேட்கவில்லை.

நிறுவனங்களின் நல்லெண்ணத்துக்கு இதை விட்டுவைப்பதில்தான் சிக்கல். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிமுறை, தனது தரவை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுசெல்லும் உரிமையைக் குடிமக்களுக்கு வழங்குகிறது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டு மசோதாவிலும் அந்த உரிமை இருந்தது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது இடம்பெறவில்லை.