அடித்தல் திருத்தலோடு

விஞ்ஞானிகள் தங்கள் சோதனைக் குறிப்புகளை அன்றன்றைக்கே இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று சொன்னால், உடனே வரும் பதில்: "அரைவேக்காட்டை எப்படிப் பரிமாறுவது?" சொல்பவர்கள் பெரும்பாலும் பேராசிரியர்கள். பத்திரிகைகளில் அவர்கள் பரிமாறுவதெல்லாம் நன்றாக வெந்துவிட்டது போல.

1963-ல் பீட்டர் மெடவார், நோபல் பரிசு பெற்றவர், உள்ளேயே இருந்தவர், பி.பி.சி. வானொலியில் ஒரு கேள்வி கேட்டார்: விஞ்ஞானக் கட்டுரை ஒரு மோசடியா? கட்டுரையிலுள்ள தகவல்கள் பொய் என்று அவர் சொல்லவில்லை. அவற்றை வந்தடைந்த வழியைக் கட்டுரை பொய்யாகக் காட்டுகிறது என்றார். மனதில் எந்த யூகமுமில்லாமல் தகவல்களைச் சேகரித்ததாகவும், முடிவு தானாகக் கனிந்து விழுந்ததாகவும் ஒரு பாவனை. தடுமாற்றம் கிடையாது. வீணாய்ப் போன நாலு மாதம் கிடையாது. கவிதையில் இந்தப் பாவனையைக் கண்டால் போலி என்று சொல்ல நாம் தயங்குவதில்லை. விஞ்ஞானம் என்றதும் கைகட்டி நிற்கிறோம்.

பாவனையோடு நின்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். 2001-ல் அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவர்களின் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. மனச்சோர்வுற்ற 275 வளரிளம் பிள்ளைகளை வைத்து ஸ்மித்க்ளைன் பீச்சம் கம்பெனி நடத்திய சோதனை. '329-ஆம் ஆய்வு' என்று பெயர். பராக்ஸெடின் மருந்து இவர்களுக்குப் பலன் தருகிறது, பொதுவாக ஒத்துக்கொள்கிறது என்றது கட்டுரை. மூலப் பதிவுகள் கம்பெனியின் அலமாரியில். வழக்குகளுக்கும் நெருக்குதல்களுக்கும் பிறகு, வேறொரு குழு அந்தப் பதிவுகளைப் பெற்று, திரும்பக் கணக்கிட்டு, 2015-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டது. மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட இது மேலாக எதுவும் செய்யவில்லை. தற்கொலை எண்ணமும் முயற்சியும் மருந்து சாப்பிட்ட பிள்ளைகளிடம் அதிகம். அதே பிள்ளைகள், அதே பதிவுகள், நேர் எதிரான முடிவு. நடுவே பதினான்கு வருஷம். கட்டுரையை நம்பி மருந்து எழுதிய டாக்டரை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்குப் படிக்கக் கிடைத்தது அதுதான்.

நோயாளியின் அந்தரங்கம் என்னாவது என்று கேட்பார்கள். பெயரையும் அடையாளத்தையும் நீக்கித்தான் வைக்கவேண்டும். அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் 329-ஆம் ஆய்வின் அலமாரியைப் பூட்டியது பிள்ளைகளின் அந்தரங்கத்துக்காகத்தானா?

நடக்காத காரியம் என்பவர்களுக்கு ஜான்-க்ளோட் ப்ராட்லியைக் காட்டலாம். ஃபிலடெல்ஃபியாவின் ட்ரெக்ஸெல் பல்கலைக்கழகத்தில் ரசாயனப் பேராசிரியர். மலேரியாவுக்கு மருந்தாகக்கூடிய பொருள்களைத் தேடிய தன் மாணவர்களின் குறிப்புகளை அப்படியே இணையத்தில் வைத்தார். 2006-ல் 'திறந்த நோட்டுப்புத்தக விஞ்ஞானம்' என்று அதற்குப் பெயரும் சூட்டினார். தோற்ற சோதனைகளும் அங்கே இருந்தன. எனக்கு முக்கியமாகப் படுவது இவைதான். இந்தக் கலவையில் ஒன்றும் விளையவில்லை என்ற செய்தியை எந்தப் பத்திரிகை ஆசையாக அச்சிடும்? அச்சிடாததால் இன்னொரு ஊரில் இன்னொரு மாணவி அதே கலவையைக் கலக்கி, அதே மாதிரி தோற்று, தன் கைதான் சரியில்லை என்று அழுவாள். ப்ராட்லி 2014-ல் இறந்துபோனார். அவர் பின்னால் பெரிய கூட்டம் எதுவும் போய்விடவில்லை.

திருடிவிடுவார்களாம். பூட்டி வைத்தால் மட்டும்? ராஸலிண்ட் ஃப்ராங்க்ளினின் மேற்பார்வையில் அவருடைய மாணவர் கோஸ்லிங் 1952-ல் எடுத்த டி.என்.ஏ. எக்ஸ்ரே படத்தை, 1953 ஜனவரியில் வில்கின்ஸ் வாட்ஸனுக்குக் காட்டினார். ஃப்ராங்க்ளினுக்குத் தெரியாது. படம் தேதியோடு ஊரறிய வெளியே இருந்திருந்தால், யார் யாருக்குக் கடன்பட்டவர் என்று பிறகு இத்தனை புத்தகங்கள் சண்டை போட்டிருக்க வேண்டியதில்லை.

ஆய்வேடுகளின் மின்பிரதியை ஒப்படைக்கவேண்டுமென்று நம் யு.ஜி.சி. 2009-ல் விதி செய்தது. இன்று 'ஷோத்கங்கா'வில் அவை லட்சக்கணக்கில் கிடக்கின்றன. நல்லது. அவையும் இலைபோட்டுப் பரிமாறிய சோறுதான். ஒவ்வொன்றுக்கும் பின்னால் நாலைந்து வருஷத்து நோட்டுகள் இருக்கின்றன, அரசாங்கக் காசில் எழுதியவை. அடுத்த விதி அவற்றுக்குச் செய்யட்டும். ஒரு பக்கம்கூடக் கிழிக்காமல் வரவேண்டும்.