அம்மாவை உக்கார வெக்காதீங்க

பொங்கலுக்கு ஊருக்கு வர்ற புள்ளைங்க எல்லாரும் திரும்பக் கார்ல ஏர்றதுக்கு முன்னாடி ஒரே வசனத்தைத்தான் சொல்லிட்டுப் போறாங்க. "அம்மா, நீ இனிமே ஒண்ணும் பண்ணாதே. மாட்டை வித்துரு. பேசாம டிவி பாத்துட்டு உக்காந்திரு. விழுந்து கிழுந்து வெச்சராதே."

பாசத்துலதான் சொல்றாங்க, அதுல சந்தேகமில்லைங்க. ஆனா உக்காந்திருன்னு சொல்றதே விழறதுக்குத்தான் வழி பண்ணுதுங்கறது என் கருத்து. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

எங்க பக்கம் வயலுக்குத் தண்ணி மாத்தப் போற பெரியவங்களைப் பாத்திருப்பீங்க. வரப்பு ஒரு அடி அகலம்கூட இருக்காது. மேல ஈரம், ரெண்டு பக்கமும் சேறு, தோள்ல மம்பட்டி. 70 வயசு ஆளு பேசிக்கிட்டே நடந்து போவாரு. டவுன்ல இருந்து வந்த அவரோட பேரன் ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு கம்பி மேல நடக்கறவனாட்டம் பின்னாடி வருவான். தாத்தா கிட்ட வித்தை ஒண்ணும் இல்ல. தினமும் நடக்கறாரு, அவ்வளவுதான்.

நாம விழாம நிக்கணும்னா உடம்புல மூணு பேரு சேதி சொல்லிக்கிட்டே இருக்கணும். ஒண்ணு கண்ணு. ரெண்டாவது, உள்காதுல இருக்கற சின்ன உறுப்பு. தலை எந்தப் பக்கம் சாயுதுன்னு அதுதான் சொல்லும். மூணாவது பாதமும் மூட்டும். தரை மேடா பள்ளமா, கால் எங்க இருக்குங்கற சேதி அங்கிருந்து வருது. மூளை மூணையும் வாங்கிப் பாத்து கால் தசைக்கு உத்தரவு போடும். கல்லு தடுக்குனா கண்ணு சிமிட்டற நேரத்துல அடுத்த காலை முன்னாடி ஊணியாகணும். அந்த வேகமும் பலமும் இருந்தா அதுக்குப் பேரு தடுமாற்றம். இல்லைன்னா விழுந்தாச்சு. வயசானா மூணுமே கொஞ்சம் மங்கும், தசையும் குறையும். ஆனா புழங்கிக்கிட்டே இருந்தா ஒண்ணு விட்டதை இன்னொண்ணு ஈடு கட்டிரும். புழங்காம விட்டா தண்ணி ஓடாத வாய்க்கால்ல புல்லு மொளைச்சு மூடற மாதிரிதான்.

ஊர்ல ஒரு அம்மா காலையில இருந்து எத்தனை தடவை குனிஞ்சு நிமிர்றாங்கன்னு எண்ணிப் பாருங்க. வாசல் கூட்டணும், கோலம் போடணும், கட்டுத்தரையில சாணி எடுக்கணும், குந்த வெச்சுப் பால் கறக்கணும், தரையில உக்காந்து சாப்பிடணும், கையை ஊணாம எந்திரிக்கணும். யாரும் இதை உடற்பயிற்சின்னு சொன்னதில்ல. ஆனா காலுக்கும் இடுப்புக்கும் அதுதான் பயிற்சி. இந்த அம்மாவை ஒரே வாரத்துல அடுக்குமாடிக்குக் கூட்டிட்டுப் போனா சோபா, டைனிங் டேபிள், வெஸ்டர்ன் டாய்லெட், லிப்ட். முட்டி தேஞ்சவங்களுக்கு இதெல்லாம் வேணும், நான் மறுக்கல. வலியோட குந்த வெக்கச் சொல்றது கொடுமை. ஆனா எடுத்துக்கிட்டதுக்குப் பதிலா வேற எதையும் நாம கொடுக்கறதில்லையே. ஆறு மாசம் கழிச்சுத் திருவிழாவுக்கு வர்றப்ப கார்ல இருந்து இறங்கவே கையை நீட்டறாங்க. "அம்மாவுக்கு வயசாயிருச்சு"ன்னு நீங்க சொல்றீங்க. ஆறு மாசத்துல அவ்வளவு வயசு யாருக்கும் ஆகாதுங்க.

இன்னொரு விசயம் உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்ல, அக்கம்பக்கத்துல இருக்கற எங்களுக்குத்தான் தெரியும். உங்கம்மா ஏற்கனவே விழுந்திருக்கலாம். பொடக்காலியில குளிக்கறப்ப வழுக்கி இருப்பாங்க, ராத்திரி கதவு நிலை தடுக்கி இருப்பாங்க. முழங்கையில ரத்தம் கட்டியிருக்கும். "பையன்கிட்டச் சொல்லிப்போடாதே சாமி, கேட்டான்னா தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு என்னைக் கூட்டிட்டுப் போயிருவான்"னு எங்ககிட்ட சத்தியம் வாங்குவாங்க. போன்ல உங்ககிட்ட "நல்லாருக்கறேன் கண்ணு"ம்பாங்க. அப்புறம் பயம் வந்துரும். பயந்து நடையைக் குறைப்பாங்க, சுவத்தைப் புடிச்சுக்கிட்டே நடப்பாங்க, வெளிய வர்றதை நிறுத்துவாங்க. கால் இன்னும் தளரும். அடுத்து விழறது பெருசா இருக்கும். தொடை எலும்போட கழுத்து முறிஞ்சு படுத்தவங்கள்ல பல பேர் பழைய நடைக்குத் திரும்பறதே இல்ல. மொதல்ல விழுந்தப்பவே ஒளிவு மறைவில்லாமச் சொல்லியிருந்தா சரி பண்ணியிருக்கலாம். சொல்ல விடாமப் பண்றது நம்ம மிரட்டல்தான்.

இது சின்ன விசயமும் இல்ல. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி வருசத்துக்கு 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் விழுந்து சாகறாங்க. எதிர்பாராத காயங்களால வர்ற சாவுல ரோட்டு விபத்துக்கு அடுத்த இடம் இதுக்குத்தான். அதுலயும் 60 தாண்டுனவங்கதான் அதிகம். நம்ம மாநிலத்துல 2021 மதிப்பீட்டுப்படி நூத்துக்கு 13.6 பேர் 60 தாண்டுனவங்க. நாட்டுல கேரளாவுக்கு அடுத்தது நாமதான்.

நல்ல சேதியும் இருக்கு. நியூசிலாந்துல ஒட்டாகோ மருத்துவப் பள்ளிக்காரங்க வயசானவங்க வீட்டுலயே செய்யற மாதிரி கால் பலத்துக்கும் சமநிலைக்கும் ஒரு பயிற்சி முறை உண்டாக்குனாங்க. வாரம் 3 நாள் அரை மணி நேரம், அது போக ரெண்டு நாள் நடை. 1997-ல வெளிவந்த மொதல் ஆய்வே 80 வயசு தாண்டுன பாட்டிங்களை வெச்சுப் பண்ணுனதுதான். இந்த முறையில நடந்த ஆய்வுகளைச் சேத்துப் பாத்தப்ப விழறது 35 சதவீதம் குறைஞ்சிருந்தது. 2019-ல காக்ரேன் அமைப்பு 108 ஆய்வுகளைத் தொகுத்து, உடற்பயிற்சியால விழற எண்ணிக்கை 23 சதவீதம் குறையுதுன்னு சொல்லுச்சு. அதுலயும் சமநிலைப் பயிற்சிக்குத்தான் பலன். வெறும் நடைக்கு அப்படித் தெளிவான ஆதாரம் கிடைக்கல. "அப்பா தினமும் பார்க்ல வாக்கிங் போறாரே"ன்னு நிம்மதியா இருக்கறவங்க இதைக் கொஞ்சம் கவனிங்க. சமமான சிமெண்டுப் பாதையில நேரா நடக்கறது இதயத்துக்கு நல்லது. தடுமாறாம இருக்க அது மட்டும் பத்தாது.

என்ன பண்ணலாம்? சமையல் மேடையைப் புடிச்சுக்கிட்டு நின்னு குதிகாலைத் தூக்கி இறக்கறது. அப்படியே ஒத்தக் கால்ல 10 எண்ற வரைக்கும் நிக்கறது, பழகப் பழக ரெண்டு கையை ஒரு கையாக்கி, அப்புறம் ரெண்டு விரலாக்கறது. சுவத்தோட ஒட்டிப் போட்ட நாற்காலியில இருந்து கை ஊணாம எந்திரிச்சு உக்கார்றது. மொதல் வாரம் 5 தடவை போதும். ஒரு பாதத்தோட குதிகாலை இன்னொரு பாதத்து விரல்ல ஒட்டி வெச்சு நேர்கோட்டுல நடக்கறது. இந்தக் கடைசிதான் எனக்கு ரொம்பப் புடிச்சது, ஏன்னா இது வரப்பு நடையேதான். கையெட்டற தூரத்துல மேடையோ சுவரோ இருக்கணும், பக்கத்துல ஆள் இருந்தா இன்னும் நல்லது. ஏற்கனவே விழுந்தவங்க, தலை சுத்தறவங்க, பக்கவாதம் வந்தவங்க மட்டும் மொதல்ல டாக்டரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாத்துக்கணும். 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல பிரசர், சர்க்கரை மாத்திரையோட பிசியோதெரபியும் வீட்டுக்கே வருது. மாத்திரை கொடுக்க வர்றவங்க "இந்த மூணு மாசத்துல விழுந்தீங்களா?"ன்னு ஒரு கேள்வி சேத்துக் கேட்டா எவ்வளவோ இடுப்பு தப்பும்.

இதையெல்லாம் சொல்றதால கிராமத்து வாழ்க்கைதான் மருந்துன்னு நான் சொல்றதா நெனைக்காதீங்க. அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். இங்க குளிக்கற எடத்துல பாசி, வாசப்படி முழங்கால் உசரம், படிக்குக் கைப்பிடி கிடையாது. போதாததுக்கு நீங்க டவுன்ல சம்பாரிச்சு அனுப்புன பணத்துல வீடு கட்டி, வாசல் திண்ணை வரைக்கும் வழுவழுன்னு டைல்ஸ் ஒட்டியிருக்கறோம். மழை நாள்ல ஈரக் காலோட அதுல கால் வெச்சா நானே சறுக்கறேன். பாத்ரூம்ல துண்டு போடற கம்பியைத்தான் பெரியவங்க புடிக்கறாங்க, அது பேத்துக்கிட்டு வரும். செவத்துல ஆழமா போல்ட் அடிச்சு உறுதியான கைப்பிடி ஒண்ணு வைங்க. டிவிக்குச் செலவு பண்ணுனதுல கால்வாசிகூட ஆகாது. சர்க்கரை உள்ளவங்களுக்குப் பாதம் மரத்துப் போயிருக்கும். அவங்களை "வெறுங்கால்ல மண்ணுல நட"ன்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, முள்ளு குத்துனாலே தெரியாது. தேஞ்சு போன ரப்பர் செருப்பும் வேண்டாம், பின்னாடி வார் வெச்சது வாங்கிக் கொடுங்க. ராத்திரி ஒண்ணுக்கு எந்திரிக்கறப்ப கட்டில்லயே கொஞ்ச நேரம் உக்காந்து காலை ஆட்டிட்டு எந்திரிக்கச் சொல்லுங்க. பிரசர் மாத்திரை, தூக்க மாத்திரை எடுக்கறவங்களுக்குச் சட்டுனு நின்னா கண்ணு இருட்டும். வழியில ஒரு சின்ன லைட் எரியட்டும். கண்ணுல புரை இருந்தா அதை எடுத்துருங்க.

அடுத்த தடவை போன் பண்றப்ப "சாப்பிட்டியாம்மா" கேட்டதுக்கப்புறம் "எங்கயாச்சும் தடுக்குச்சா?"ன்னு கேளுங்க. கேட்டுட்டு, கூட்டிட்டுப் போயிருவேன்னு மட்டும் சொல்லாதீங்க. மாடு ரெண்டுல ஒண்ணு இருக்கட்டும். கோலம் போடறது இருக்கட்டும். கனமான தவிட்டு மூட்டையைத் தூக்கறதுக்கு ஆள் போட்டுக் கொடுங்க, ஆனா முருங்கைக்கீரை பொறிக்கப் போறதை நிறுத்தாதீங்க.

த்ரீ பேஸ் கரண்ட் வந்திருச்சு. மஞ்சளுக்குத் தண்ணி மாத்தணும், வர்றனுங்க.