குஸ்கோவின் கலப்பு யாருடைய கைவேலை?

பெரு நாட்டின் மலைநகரமான குஸ்கோவில், இயேசு சபையாரின் தேவாலயத்துக்குள் ஒரு கல்யாண ஓவியம் இருக்கிறது. மணமகன் மார்ட்டின் கார்சியா தெ லொயோலா, ஸ்பானியத் தளபதி. மணமகள் பெயத்ரிஸ், இன்கா அரச குலத்தவர். இரு வீட்டாரும் பட்டாடையில் சூழ்ந்து நிற்க, இரண்டு பெரிய குடும்பங்கள் மனமொத்துச் சம்பந்தம் செய்துகொண்டதுபோல் ஓவியர் தீட்டியிருக்கிறார். படத்தில் இல்லாத செய்தி ஒன்று உண்டு. 1572-இல் வில்கபம்பா காட்டுக்குள் புகுந்து கடைசி இன்கா மன்னர் துபாக் அமாருவைப் பிடித்து வந்தவர் இந்த லொயோலாதான். மன்னரின் தலை குஸ்கோ சதுக்கத்தில் வெட்டப்பட்டது. பெயத்ரிஸ் அந்த மன்னருக்கு அண்ணன் மகள். பிடித்துக் கொடுத்ததற்கு வெகுமதியாகவே அவரும் அவருடைய பெரும் சொத்தும் லொயோலாவின் கைக்கு வந்தன.

குஸ்கோவைப் பற்றிச் சுற்றுலா விளம்பரங்கள் சொல்லும் கதையும் இந்த ஓவியத்தின் சாயலில்தான் இருக்கிறது: கீழே இன்கா கற்சுவர், மேலே ஸ்பானிய மாடம், இரண்டு நாகரிகங்கள் கைகோத்த அழகு. அழகை யாரும் மறுக்க முடியாது. 1983-இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் தகும். ஆனால் கட்டடங்கள் எழுந்த விதம் வேறு. சூரியக் கோயிலான கோரிகாஞ்சாவின் பொன்தகடுகள், சிறைப்பட்ட மன்னர் அதாவால்பாவின் மீட்புத் தொகைக்காக 1533-இல் பெயர்க்கப்பட்டன. பிறகு அதன்மேல் சாந்தோ தொமிங்கோ மடம் எழுந்தது. விராகோச்சா மன்னரின் அரண்மனை இருந்த இடத்தில் பேராலயம் நிற்கிறது. அதற்கான கற்கள் பல, ஊருக்கு மேலிருக்கும் சக்சைவமான் அரணைக் கலைத்துக் கொண்டுவந்தவை. அரணை எழுப்பிய மக்களின் வாரிசுகளே அந்தக் கற்களையும் சுமந்தார்கள். வென்றவர்கள் இங்கே எதையும் கலக்க முனையவில்லை. தோற்றவரின் தலைக்குமேல் ஏறி உட்கார்ந்தார்கள், அவ்வளவே.

அப்படியானால் குஸ்கோவில் கலப்பே இல்லையா? இருக்கிறது, நிறையவே. அது ஆட்சியாளர்கள் தந்த கொடையல்ல, ஆளப்பட்டவர்களின் சாமர்த்தியம் என்பதே என் வாதம். இன்கா காலத்தில் விழா நாட்களில் முன்னாள் மன்னர்களின் பதப்படுத்திய உடல்களைச் சதுக்கத்துக்கு எடுத்து வருவார்கள். 1559-இல் அதிகாரி போலோ தெ ஒந்தெகார்தோ அவற்றைத் தேடிப் பறிமுதல் செய்தார். பின்னாளில் அதே சதுக்கத்தில் நற்கருணைத் திருவிழா வேரூன்றியது. பங்குதோறும் புனிதர் சிலைகள் தோளில் ஏறிப் பேராலயத்துக்கு வந்தன, இன்றும் வருகின்றன. 1670-களில் தீட்டிய விழா ஓவியங்களில் இன்காப் பிரபுக்கள் மூதாதையரின் அரச உடையில் ஊர்வலத்தின் முன்னே நடக்கிறார்கள். கிறிஸ்தவ விழாவுக்குள் நின்றே தங்கள் குலப் பெருமையைக் காத்துக்கொண்டார்கள். ஓவியத்திலும் இதே கதைதான். ஸ்பானியரோடு ஏற்பட்ட பூசலில் 1688-இல் பழங்குடி ஓவியர்கள் பொதுச் சங்கத்திலிருந்து பிரிந்தார்கள். குஸ்கோ பாணி என்று இன்று அருங்காட்சியகங்கள் போற்றும் பொன்வேலை ஓவியங்கள் அதன்பிறகே பெருகின. அடுத்த நூற்றாண்டில் மார்க்கோஸ் ஸபாத்தா தீட்டிய இறுதி இராவுணவில் இயேசுவின் முன்னால் தட்டில் கிடப்பது ஆந்திஸ் மக்கள் விருந்துக்குச் சமைக்கும் கூய் என்ற சிறு விலங்கு என்பார்கள்.

இந்தக் கலப்புக்கு மேலிடம் எவ்வளவு இடம் கொடுத்தது என்பதும் தெரிந்ததே. ஸ்பானிய ஆட்சியை எதிர்த்து எழுந்த இரண்டாம் துபாக் அமாருவின் கிளர்ச்சியை அடக்கி, 1781-இல் அவரையும் அதே சதுக்கத்தில் கொன்றபின், இன்கா உடையும் மன்னர் படங்களும் தடை செய்யப்பட்டன. குஸ்கோவில் இன்கா தாய்க்கும் ஸ்பானியத் தந்தைக்கும் பிறந்த கார்சிலாசோ 1609-இல் வெளியிட்ட இன்கா வரலாறும் தடையிலிருந்து தப்பவில்லை.

இன்காக்களும் பேரரசர்கள்தானே, அவர்களும் பிறர் நிலத்தை வென்றவர்கள்தானே என்று கேட்கலாம். உண்மை. ஸ்பானியர் பக்கம் நின்று இன்காக்களை எதிர்த்த ஆந்திஸ் குடிகள் இருந்ததும் அதனால்தான். அதற்காக ஒரு வன்முறை இன்னொன்றுக்கு ரசீதாகிவிடாது. வேறு சிலர் மறுமுனைக்குப் போய், மேலே கட்டியதை இடித்துத் தூய இன்கா நகரை மீட்கலாம் என்பார்கள். தூய்மை எங்கே கிடைக்கும்? சூரிய விழாவான இந்தி ராய்மியேகூட இப்போதைய வடிவில் 1944-இல் கார்சிலாசோவின் நூலை வைத்து மீட்டெடுத்த நாடகம். 1650 நிலநடுக்கத்தைத் தணித்தவராக நம்பும் சிலுவைநாதரைத் ‘தாய்தாச்சா’ என்று கெச்சுவா மொழியில் அழைத்துச் செம்பூ தூவும் மக்களிடம், உங்கள் பக்தி அந்நியம் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

1950 நிலநடுக்கம் சாந்தோ தொமிங்கோ மடத்தைச் சிதைத்தபோது உள்ளே மறைந்திருந்த இன்கா அறைகள் வெளிவந்தன. (இன்காச் சுவர் ஆடாது, ஸ்பானியச் சுவர் விழும் என்று வழிகாட்டிகள் சற்று மிகையாகவே சொல்வார்கள்.) சீரமைத்தபோது அவற்றைத் திரும்ப மூடிவிடவில்லை, மடத்தையும் அகற்றிவிடவில்லை. இரண்டும் இரண்டாகவே கண்ணில் படுகின்றன. சரியான முடிவு அது. அந்த நேர்மை கல்யாண ஓவியத்துக்கும் வேண்டும். மச்சு பிச்சு போகும் வழியில் குஸ்கோவில் தங்கும் நம்மவர்கள் அந்தத் தேவாலயத்துக்குப் போனால், மணமகளின் சித்தப்பா எப்படி இறந்தார் என்று வழிகாட்டியிடம் கேளுங்கள்.