சமூகவியல் எஞ்சியோர்க்கு உரிய பாடமா?

உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளியாகுந்தோறும் நம்மவர் இல்லங்களில் ஒரே தீர்ப்பே வழங்கப்படுகின்றது. வைத்தியம், பொறியியல், சட்டம் ஆகியவற்றிற்குத் தெரிவானோர் வென்றோர். கலைப்பீடம் புகுந்து சமூகவியல் பயில்வோர் தோற்றோர்! விசாரணையின்றி வழங்கப்படும் இத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை.

அத்தாட்சியில்லாத வழக்கு மன்றில் நில்லாது. 1706-1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் யாழ்ப்பாணத்து வழமைகளைத் திரட்டி எழுதினார். பன்னிரு முதலிமார் அதனைப் பரிசீலித்து ஒப்புதல் அளித்தனர். அந்தத் தேசவழமையே முதுசம், சீதனம், தேடியதேட்டம் பற்றிய பிணக்குகளில் இன்றும் நீதிமன்றங்களில் எடுத்தோதப்படுகின்றது. அன்று தொகுத்தவர் அந்நியர். நம் ஊர்களின் இன்றைய நிலையைத் தொகுக்கவும் அந்நியரையே எதிர்பார்த்திருப்பதா?

நம்மிடையே ஆற்றலுக்குப் பஞ்சமில்லை. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஸ்ரான்லி ஜெயராஜா தம்பையா இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கற்று, அங்கேயே சமூகவியல் கற்பித்து, பின்னர் ஹாவாட் பல்கலைக்கழகப் பேராசிரியராய் உயர்ந்தார். 1956இல் கல்லோயாக் குடியேற்றத்தில் மாணவர்களுடன் ஆய்வு செய்துகொண்டிருந்தபோதே அங்கு கலவரம் மூண்டது. கண்ணாற் கண்டதை அவர் பதிவு செய்தார். இந்நாட்டு இனக்கொடுமை பற்றி 1986இல் அவர் வெளியிட்ட நூலை உலக அறிஞர் புறந்தள்ள முடியவில்லை. ஆயிரம் மேடைப் பேச்சுக்கள் செய்யாததை ஓர் ஆய்வாளரின் பேனா செய்தது.

1981இன் பின் நாடு முழுவதும் நிறைவுற்ற குடிசன மதிப்பு 2012இலேயே நடைபெற்றது. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு வடக்கு கிழக்கின் பல மாவட்டங்களில் நிறைவெய்தவில்லை. இடைப்பட்ட முப்பத்தோராண்டில் இடம்பெயர்ந்தோர் யார், காணி இழந்தோர் யார், குடும்பத் தலைவனை இழந்து தனித்து நின்ற பெண்கள் எத்தனைபேர் என்று கேட்டால், நாம் மதிப்பீடுகளையே நீட்டுகின்றோம். எண்ணப்படாத துயருக்கு நிவாரணம் கேட்பது எளிதன்று.

ஆய்வாளன் அரசாங்கத்தின் குற்றத்தை மட்டும் எழுதமாட்டான். நம் கிணற்றடியிலும் கோயில் வாசலிலும் நாமே இட்ட தடைகளையும் எழுதுவான். 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்த பின்னரும் அத்தடைகள் அகலப் போராட வேண்டியிருந்ததை மறைத்தல் நேர்மையன்று. நமக்குக் கசக்கும் உண்மையையும் தாங்குவோமாயின், பிறர் குற்றத்தைச் சுட்டும் நம் சொல்லுக்கும் மதிப்பு உண்டாகும்.

“பிள்ளைக்கு உத்தியோகம் கிடைக்குமா?” என்று கமக்காரர் கேட்பது நியாயமே. நிருவாக சேவைப் போட்டிப் பரீட்சை, சமூக சேவை, நன்னடத்தைப் பணி, ஆசிரியம், ஆய்வு நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், பத்திரிகைத் தொழில் ஆகிய வாயில்கள் திறந்தே உள்ளன. எனினும், பட்டம் மட்டும் கதவைத் தட்டாது. நியமனம் கோரிப் பட்டதாரிகள் வீதியில் அமர்ந்த காட்சியை நாம் பலமுறை கண்டோம். அதற்குத் தேர்தல் காலத்தில் மட்டும் அவர்களை நினைக்கும் அரசாங்கங்களும் பொறுப்பு; குறிப்புகளை மனனம் செய்வித்து அனுப்பும் கல்விமுறையும் பொறுப்பு.

ஆகவே மாணவர் புள்ளிவிபரவியலைக் கற்றல் வேண்டும். தமிழோடு ஆங்கிலமும் சிங்களமும் பயிலுதல் வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒவ்வொரு மாணவனையும் ஒரு கிராமத்திற்கு அனுப்பி, வயற் குத்தகை, கடன், குளத்து நீர், காணி உறுதி ஆகியவற்றை வீடு வீடாக விசாரித்து எழுதச் செய்தல் வேண்டும். பிரதேச சபைகள் அவ்வறிக்கைகளைக் கேட்டுப் பெற்று, அவற்றின்மேல் திட்டம் வகுத்தல் வேண்டும்.

வைத்தியர் நம் உடலைக் காப்பர். பொறியியலாளர் பாலம் அமைப்பர். ஆனால் எந்த ஊருக்குப் பாலம் வேண்டும், எந்த ஊரில் நோய் மிகுந்தது என்பதை ஆதாரத்தோடு எடுத்துரைக்க ஒருவர் வேண்டாமா? பெற்றோரே, சமூகவியலை விரும்பும் பிள்ளையைத் தடுக்காதீர். இனத்தின் வழக்கிற்குச் சாட்சியம் திரட்டும் பணி அது. திறமை மிக்கோர் அதற்கு வருதல் வேண்டும்.