தமிழ் எழுத ஏலாட்டி அதுவும் பக் தான்



இந்தக் கிழமை எபிசோட்டில லினக்ஸ் டெஸ்க்டொப் பற்றிக் கதைச்சம். கடைசியில அவசரமாகச் சொல்லிட்டுப் போன ஒரு விசயத்தை இங்க ஆறுதலாக எழுதுறன். காதால கேட்கிறதைவிட கண்ணால வாசிச்சால்தான் இது விளங்கும்.

விசயம் இதுதான். நீங்கள் லினக்ஸில ஒரு சற் ஆப் பாவிக்கிறீங்கள். நேற்று வரைக்கும் அதில தமிழில எழுதினீங்கள். இரவு அப்டேட் வந்தது. காலையில ஆப் திறக்குது, முந்தியைவிட வேகமாக ஓடுது, எழுத்துகளும் தெளிவாக இருக்கு. ஆனால் 'அம்மா' என்று அடிச்சால் ஏ, எம், எம், ஏ என்று ஆங்கில எழுத்துத்தான் வருது. மேல் மூலையில தமிழ் கீபோர்ட் தெரிவாகித்தான் இருக்கு. பக்கத்தில திறந்து வைச்ச டெக்ஸ்ட் எடிட்டரில தமிழ் ஒழுங்காக வருது. இந்த ஆப்பில மட்டும் வரேல்ல.

இந்த இடத்தில எங்கட ஆக்கள் செய்யிறது ரெண்டு. ஒன்று, 'லினக்ஸ் எண்டாலே இப்பிடித்தான்' என்று திட்டுறது. மற்றது, சத்தமில்லாமல் பிரெஞ்சில எழுதத் தொடங்குறது. திட்டுறதால பெரிய நட்டம் இல்லை. ரெண்டாவதுதான் எனக்குப் பயம். ஆப் உடைஞ்சது என்று ஒருத்தருக்கும் தெரியாமலே, ஒரு மொழி அந்த ஆப்பை விட்டு வெளியில போயிடுது.

சரி, என்ன உடைஞ்சது?

1984 இல எம்ஐடியில தொடங்கின எக்ஸ் விண்டோ சிஸ்டம்தான் பல பத்து வருசமாக லினக்ஸ் திரையை நடத்தினது. இப்பவும் பாவனையில இருக்கிற அதின்ர 11 ஆவது வடிவம் 1987 இல வந்தது. அதில ஒரு பெரிய ஓட்டை இருக்கு: ஒரு திரையில ஓடுற எந்த ஆப்பும் மற்ற ஆப்பில நீங்கள் அடிக்கிற விசைகளை ஒட்டுக்கேட்கலாம். நீங்கள் பாங்க் பாஸ்வேர்ட் அடிக்கேக்க, பின்னால ஓடுற ஒரு சின்ன விளையாட்டு அதைப் பார்க்கலாம். இதையும் வேற பல பழைய சுமைகளையும் இறக்கி வைக்கத்தான் 2008 இல வேலாண்ட் தொடங்கினது. ஃபெடோரா 2016 இல தன்ர 25 ஆவது பதிப்பில வேலாண்டை முதல் தெரிவாக்கினது. 2025 ஒக்டோபரில வந்த உபுண்டு 25.10 இல, குனோம் டெஸ்க்டொப்பை எக்ஸ் மேல ஓட்டுற வழியையே எடுத்துப்போட்டினம்.

தமிழுக்கு இதில என்ன பங்கு? எழுத்து உள்ள போற பாதை மாறிப்போச்சு. முந்தி ஆப் நேரடியாக ஐபஸ் போன்ற உள்ளீட்டு மென்பொருளோட கதைச்சது. வேலாண்டில ஆப் டெஸ்க்டொப்போட கதைக்க வேணும், டெஸ்க்டொப் ஐபஸோட கதைக்கும். அந்தக் கதைக்கு ஒரு நெறிமுறை இருக்கு, பேர் டெக்ஸ்ட்-இன்புட். பிரச்சினை என்னெண்டால் அதுக்குப் பல பதிப்புகள். குனோம் மூன்றாம் பதிப்பில கதைக்குது. குரோமியம் நெடுங்காலம் முதலாம் பதிப்பில மட்டும்தான் கதைச்சது. அதையும் ஒரு தனித் தெரிவு கொடுத்துத் திறந்து விட வேண்டி இருந்தது. ரெண்டு பேரும் ஒரே வீட்டில இருக்கினம், ஆனால் ஒருத்தற்ற பாஷை மற்றவருக்கு விளங்காது.

குரோமியத்தில ஒரு கோளாறு எண்டால் அது ஒரு பிரௌசரோட நிற்காது. நாங்கள் பாவிக்கிற டெஸ்க்டொப் ஆப்களில கனக்க, எலக்ட்ரோன் என்ற தளத்தில கட்டினவை. எலக்ட்ரோனுக்கு உள்ள இருக்கிறது குரோமியம்தான். 2025 செப்டெம்பரில வந்த எலக்ட்ரோன் 38, வேலாண்ட் திரையில தானாகவே வேலாண்ட் ஆப்பாக ஓடத் தொடங்கினது. ஆப் எழுதினவர் ஒரு வரியும் மாற்றாமல் இருக்கலாம். கீழ தளம் மாறினதும் மேல வீடு ஆடுது.

இதை ஏன் முன்கூட்டியே ஒருத்தரும் பிடிக்கேல்ல என்று கேட்டால், பதில் சிம்பிள். இங்கிலீஷ் அடிக்கிறவருக்கு எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். பரிசில இருந்து ஆப் எழுதுறவருக்கும் வேலை செய்யும், ஏனெண்டால் அவற்ற அசேர்ட்டி கீபோர்டில ஒரு விசை அமத்தினால் ஒரு எழுத்து, அவ்வளவுதான். அதுக்கு ஐபஸ் தேவையில்லை. உள்ளீட்டு மென்பொருள் கட்டாயம் வேணும் என்று இருக்கிறவை சீனர், ஜப்பானியர், கொரியர், பிறகு எங்களைப் போன்ற ஆக்கள். முதல் மூன்று பேரும் சத்தம் போடுறதாலதான் இந்தப் பாதை இவ்வளவாவது திருத்தப்பட்டிருக்கு. நாங்கள் அவையின்ர முதுகில சவாரி போறம். அது தப்பில்லை, ஆனால் அவைக்குத் தேவைப்படாத, எங்களுக்கு மட்டும் உடையிற இடங்களும் இருக்கு. அங்க எங்களைத் தவிர ஒருத்தரும் சத்தம் போட மாட்டினம்.

ஒரு உதாரணத்துக்கு லாச்சப்பலுக்கு வாங்கோ.

ஃபோபூர் சான் தெனி தெருவில நடந்தால், கடைக் கண்ணாடிகளில கல்யாணம், சாமத்தியவீடு, முப்பத்தோராம் நாள், கோயில் தேர் என்று எவ்வளவு தமிழ் நோட்டீஸ் ஒட்டி இருக்கு. அதில கனக்க பாமினி எழுத்துருவில அடிச்சவை. பாமினி உண்மையில ஆங்கில எழுத்துக்கு மேல தமிழ் உடுப்புப் போட்டது. 'தமிழ்' என்று வர நீங்கள் அடிக்கிறது ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி. எழுத்துருவை மாற்றினால் அந்தக் குப்பைதான் மிஞ்சும். அதைத் தேட ஏலாது, ஃபோனில வாசிக்க ஏலாது, மொழிபெயர்க்கிற மெஷினுக்குக் கொடுக்கவும் ஏலாது. ஆனால் முப்பது வருசமாக அதில அடிச்சவற்ற விரலுக்கு அந்த விசைப்பலகைதான் தெரியும். இலங்கைத் தட்டச்சில இருந்து வந்த ரங்கநாதன் அமைப்பு அது.

நல்ல செய்தி: லினக்ஸில ரங்கநாதன் அமைப்பிலயே யூனிகோட் அடிக்கலாம். ஜப்பானில செய்த எம்17என் என்ற தொகுப்பில அது இருக்கு, ஐபஸ் மூலம் வரும். அந்த அண்ணா விரல் பழக்கத்தை மாற்றாமல், தேடக்கூடிய உண்மையான தமிழை எழுதலாம். இப்ப யோசிச்சுப் பாருங்கோ. தட்டச்சில 'கொ' என்று அடிக்க முதல்ல கொம்பு, பிறகு க, பிறகு அரவு. யூனிகோட்டில முதல்ல க, பிறகுதான் மற்றதெல்லாம். இந்த ஒழுங்கை மாற்றி வைக்க இடையில ஒரு புத்தி வேணும். அந்தப் புத்திதான் உள்ளீட்டு மென்பொருள். அதுக்குப் போற பாதை அறுந்தால் அண்ணாவுக்கு லினக்ஸ் முடிஞ்சுது. அவர் திரும்பப் பாமினிக்குப் போவார். அவரைப் பிழை சொல்ல எனக்கு மனம் வராது.

இது முதல் தரம் இல்லை. நோர்வேயில பிறந்த க்யூட்டி என்ற கருவித்தொகுப்புக்குள்ள, யூனிகோட் பரவ முதல் பாவனையில இருந்த டிஸ்கி தமிழை வாசிக்கிற ஒரு பகுதி இருந்தது. 2000 ஆம் ஆண்டளவில ஹான்ஸ் பெட்டர் பீக்கர் என்ற கேடிஈ நிரலாளர் அதின்ர பெரும்பகுதியை எழுதிக் கொடுத்தவர். க்யூட்டி குழு தன்ர ஆவணத்திலயே அவருக்கு நன்றி சொல்லி இருக்கு. 2020 டிசம்பரில க்யூட்டி 6 வரேக்க அந்தப் பகுதியைப் பிரதான தொகுப்பில இருந்து எடுத்து, பழையதுக்கு என்று இருக்கிற தனித் தொகுப்புக்குள்ள வைச்சினம். அதில எனக்குக் கோபம் இல்லை, யூனிகோட் வெண்டுட்டுது. ஆனால் கவனியுங்கோ: கதவைத் திறந்தது ஒரு ஆள். மூடினது ஒரு சுத்தப்படுத்தல் வேலை. ரெண்டிலயும் எதிரி என்று ஒருத்தரும் இல்லை. எங்கட மொழி மென்பொருளில இருக்கிறதும் இல்லாமல் போறதும் இப்பிடித்தான் நடக்குது.

சரி, ஆப் உடைஞ்சால் என்ன செய்யிறது?

முதல்ல எங்க உடைஞ்சது என்று பிடியுங்கோ. வேற ஆப்பில தமிழ் வருதா? வந்தால் ஐபஸ் நல்லாத்தான் இருக்கு. பிறகு அந்த ஆப்பை டெர்மினலில இருந்து, ஓசோன் பிளாட்ஃபார்ம் என்ற தெரிவை எக்ஸ்11 என்று கொடுத்துத் திறவுங்கோ. இப்ப தமிழ் வந்தால் பிழை வேலாண்ட் பாதையில. அடுத்ததாக வேலாண்டிலயே வைச்சுக்கொண்டு, வேலாண்ட் ஐஎம்இ தெரிவைத் திறந்து, டெக்ஸ்ட்-இன்புட் பதிப்பை 3 என்று கொடுத்துப் பாருங்கோ. வேலை செய்தால் அதை ஆப்பின்ர டெஸ்க்டொப் கோப்பில எழுதி வைக்கலாம். ஃப்ளாட்பாக்கில போட்ட ஆப் எண்டால் எக்ஸ்11 அனுமதி இருக்கா என்று ஃப்ளாட்சீலில பாருங்கோ. அவசரத்துக்கு, ஐபஸ் இல்லாமலே லினக்ஸில நேரடியாக வாற தமிழ் விசைப்பலகைகளும் இருக்கு. ஆனால் அதில ஒரு விசைக்கு ஒரு எழுத்துத்தான். தமிழ்99 இல தானாகப் புள்ளி வைக்கிற வசதி வராது, ஆங்கில உச்சரிப்பில அடிக்கிறதும் வராது.

கனபேர் இங்க நிற்பாட்டிடுவினம். என்ர வாதம் இங்கதான் தொடங்குது. உங்கட கொம்பியூட்டரில ஒரு தெரிவு கொடுத்துத் தப்பினது திருத்தம் இல்லை, ஒட்டுப்போட்டது. அடுத்த அப்டேட்டில அந்தத் தெரிவே இல்லாமல் போகலாம். பக் ரிப்போர்ட் எழுதினால்தான் திருத்தம்.

எழுதேக்க 'தமிழ் வேலை செய்யேல்ல' என்று எழுதாதேங்கோ. பராமரிக்கிறவருக்குத் தமிழ் தெரியாது, அவரால அதைச் சோதிக்க ஏலாது. உள்ளீட்டு மென்பொருள் அனுப்புற எழுத்து ஆப்புக்கு வந்து சேரேல்ல என்று எழுதுங்கோ. எந்த டெஸ்க்டொப், எந்தப் பதிப்பு, வேலாண்டா எக்ஸா, எந்தப் பொதி, எந்த விசைப்பலகை, என்ன அடிச்சால் என்ன வரவேணும், என்ன வந்தது. முதல் எந்தப் பதிப்பு வரைக்கும் வேலை செய்தது என்றதையும் சொல்லுங்கோ, அதுதான் அவருக்குப் பெரிய உதவி. எழுத முதல் தேடிப் பாருங்கோ. ஒரு சீனரோ ஜப்பானியரோ அதே பக்கை ஏற்கெனவே எழுதி இருந்தால், அதுக்குக் கீழ 'தமிழிலயும் இதே பிரச்சினை' என்று விபரத்தோட சேருங்கோ.

ரெண்டு மறுப்பு வரும் என்று தெரியும். ஒன்று: 'எல்லாரும் ஃபோனிலதானே எழுதினம்?' சற் எழுதினம். ஆனால் தமிழ்ப் பள்ளிக்கூடச் சோதனைத் தாள், கோயில் கணக்கு, அச்சுக்குப் போற கல்யாண அட்டை, ஒரு புத்தகம், இதையெல்லாம் ஃபோனில செய்யிறது ஆர்? டெஸ்க்டொப் போனால் நீளமாக எழுதுற தமிழும் போகும்.

மற்றது: 'அப்ப வேலாண்டே வேண்டாம், பழையதிலயே இருப்பம்.' இல்லை. பாஸ்வேர்டை ஒட்டுக்கேட்கிற ஒரு அமைப்பைத் தமிழுக்காகக் காப்பாற்றச் சொல்லிக் கேட்க ஏலாது. மாற்றம் சரி. ஆனால் ஒரு தளம் தன்ர முதல் தெரிவை மாற்ற முதல், உலகத்தில கனபேர் எழுதுற முறை அதில வேலை செய்யுதா என்று பார்க்க வேணும். பார்க்காமல் வெளியிட்டால் அது முடியாத வேலை. இதை நாங்கள் மரியாதையாக, திரும்பத் திரும்பச் சொல்ல வேணும்.

'நாங்கள் ஆர் சொல்லுறதுக்கு' என்று நினைக்காதேங்கோ. உலகம் முழுக்கப் பாவிக்கிற விஎல்சி, 1996 இல எக்கோல் சென்ட்ரால் பரியில மாணவர்கள் தங்கட வளாகத்தில டிவி பார்க்கத் தொடங்கின வேலை. அதின்ர சின்னம் மாணவர்கள் தெருவில இருந்து தூக்கிக்கொண்டு வந்த செம்மஞ்சள் கூம்பு. கார் து நோரில ஆர்இஆர் எடுத்தால் போற தெற்குப் புறநகர்தான் அந்த இடம். அவை எங்களைவிட மூத்த ஆக்களும் இல்லை, அப்ப பெரிய கொம்பனியும் இல்லை.

எங்கட அம்மா அப்பாவுக்குத் தமிழ் தெரியும், டெர்மினல் தெரியாது. ஆப் எழுதுறவருக்கு டெர்மினல் தெரியும், தமிழ் தெரியாது. ரெண்டும் தெரிஞ்சு, இங்கிலீஷிலயோ பிரெஞ்சிலயோ ஒரு பத்தி எழுதக்கூடிய ஆக்கள் உலகத்திலயே கொஞ்சப்பேர். இதை வாசிச்சுக்கொண்டு இவ்வளவு தூரம் வந்த நீங்கள் அதில ஒருத்தர்.

இந்தக் கிழமை ஒரு வேலை: நீங்கள் தினமும் திறக்கிற மூன்று டெஸ்க்டொப் ஆப்பில உங்கட பேரைத் தமிழில அடிச்சுப் பாருங்கோ. ஒன்றில வராட்டி ரிப்போர்ட் எழுதிப்போட்டு எங்களுக்கும் அனுப்புங்கோ, அடுத்த எபிசோட்டில ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பம்.